கன்றுக்கு விட்ட இரண்டு காம்பு

அத்தியாயம் பத்தொன்பது

பிரவீனனைப் போல ஒரு அண்ணன் எல்லா வீட்டிலும் இருக்க வேண்டும் என்று மிசிசாகாவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அஜாக்ஸிலிருந்து இன்னொருவர், தங்கைக்கு இத்தனை நன்மை செய்தவனை நான் ஒருநாளாவது சிரிக்க வைத்து எழுதவில்லையே என்று கோபித்திருக்கிறார். இந்தக் கிழமை அவன் சிரிப்பான், அம்மா. வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கௌசி வட கென்யாவின் வறண்ட நிலத்தில் மூன்று வருடம் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக வேலை செய்தவள். மழை பொய்த்து மாடுகள் செத்து விழுந்த பிறகு, ஒட்டகம் வளர்த்துப் பால் விற்றுத் தப்பிய நாற்பது குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. பால் விற்றதால் அவர்கள் ஊரை விட்டுப் பெயரவில்லை, பெட்டைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். அந்த நாற்பது வீட்டுப் பெண்களையும் கௌசிக்குப் பெயர் பெயராகத் தெரியும்.

மணமுறிவுக்குப் பிறகு அவள் ரொறன்ரோ திரும்பி, மல்வேர்னில் தாய் மங்கையற்கரசியோடு இருக்கிறாள். அண்ணன் பிரவீனன் அந்தப் பாலை மாவாக்கி, ரின்னில் அடைத்து விற்கும் கம்பனியைத் தொடங்கினான். குடும்பங்களைத் தங்கை பார்ப்பாள், வியாபாரத்தை அண்ணன் பார்ப்பான். ஒட்டகத்துக்கு நான்கு காம்பு. இரண்டு வீட்டுக்கு, இரண்டு கன்றுக்கு. அந்தப் பெண்கள் காலகாலமாக வைத்திருக்கும் பங்கு அது. கம்பனியின் முதல் ஒப்பந்தத்தில் கௌசி எழுதிய முதல் வரியும் அதுதான்.

இனி சனிக்கிழமைக்கு வருவோம்.

காலை எட்டு மணி. கௌசி கீழறையில் சேலைக்கு அயர்ன் போட்டுக்கொண்டிருந்தாள். பின்னேரம் இரண்டு மணிக்கு மார்க்கம் நகரில் ஒரு மண்டபத்தில் கம்பனியின் புது ரின் அறிமுகம். பதினொரு மளிகைக் கடைகள் வைத்திருக்கும் சண்முகலிங்கம் அதற்கு வருகிறார். அவர் தலையாட்டினால் பதினொரு கடையிலும் ரின் ஏறும். மேடையில் ஐந்து நிமிடம் பேச வேண்டியது கௌசி.

பெல் அடித்தது. வாசலில் ஹோதன் நின்றாள். சோமாலிப் பெண். நேர்சிங் ஹோமில் இரவு வேலை முடித்த யூனிபோர்மோடு நேரே பஸ் பிடித்து வந்திருந்தாள். குடும்பங்களுக்கும் கம்பனிக்கும் இடையில் மொழிபெயர்ப்பவள் இவள்தான். அந்த நாற்பது குடும்பங்களில் ஒன்று இவளுடைய தாயின் குடும்பம். எப்போது வந்தாலும் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றுகிறவள், இன்று கழற்றாமல் உள்ளே வந்தாள்.

இருவரும் ஆங்கிலத்தில்தான் கதைப்பார்கள். நான் என்னுடைய தமிழில் தருகிறேன்.

"நீ ஏன் எங்களுக்கு இதைச் செய்தனி?" என்றாள் ஹோதன்.

"எதை?"

ஹோதன் தொலைபேசியை நீட்டினாள். பால் சேர்க்கும் கொட்டில் சுவரில் ஒட்டியிருந்த ஒரு கடிதத்தின் படம். ஒவ்வொரு குடும்பமும் நாளாந்தம் தர வேண்டிய பாலின் அளவு இரண்டு மடங்கு. மூன்று நாள் தொடர்ந்து குறைந்தால் அந்தக் குடும்பம் பட்டியலிலிருந்து நீக்கப்படும். கீழே கௌசியின் கையெழுத்து.

"மொழிபெயர்க்க இது உன்னட்டை வரேல்லையா?"

"வரேல்லை. நைரோபி ஏஜென்ட் நேரே கொண்டுபோய் ஒட்டினவனாம். கோடை காலத்தில இந்த அளவு வேணுமெண்டால் நாலு காம்பும் கறக்க வேணும். உனக்கு அது தெரியாதா, கௌசி? உனக்கு?"

 கௌசி தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "கண்டுகள்?" என்று கேட்டாள்.

"பதினெட்டு."

"பதினெட்டு என்ன?"

"செத்தது."

 ஹோதன் மிச்சத்தையும் சொன்னாள். அவளுடைய தாயின் ஒட்டகத்தின் கன்று போன வெள்ளிக்கிழமை செத்தது. கன்று வந்து முட்டிக் குடித்தால்தான் ஒட்டகம் பாலை இறக்கும். அதுவும் ஒன்றரை நிமிடம்தான். கன்று இல்லையென்றால் மடியை இறுக்கிக்கொண்டு நிற்கும். ஆனால் அளவு குறைந்தால் பட்டியலில் பெயர் போய்விடும். ஆகவே தாய் செத்த கன்றின் தோலை உரித்து, பக்கத்து வீட்டுக் கன்றின் முதுகில் கட்டிக் கொண்டுவந்து நிறுத்தினாள். ஒட்டகம் தோலை மணந்து பார்த்தது. நக்கியது. பிறகு பாலை இறக்கியது.

"அம்மா கறந்துகொண்டே அழுதவவாம்," என்றாள் ஹோதன். "எழுபது வயசு மனுசி."

"உன்ர அம்மா ஏன் எனக்கு ஒரு கோல் எடுக்கேல்லை? மூண்டு மாசம், ஹோதன்."

"நானும் அதைத்தான் கேட்டனான். கௌசி கையெழுத்து வைச்சிருக்கிறாள், ஏதும் காரணம் இருக்கும், கேட்டால் அவளை நம்பேல்லை எண்டதாப் போகும் எண்டு சொன்னவ. எனக்கும் நேற்று இரவுதான் சொன்னவ."

கையெழுத்து அவளுடையதுதான். வைத்த இடமும் நினைவிருந்தது. தை மாதம், பிரவீனனின் மகள் அட்சயா பெரியபிள்ளையான சாமத்திய வீடு. மாமி என்று இருப்பது கௌசி ஒருத்திதான். பிள்ளையின் தலையில் பாலறுகு வைத்த கையோடு ஆலாத்தித் தட்டைத் தூக்கிக்கொண்டு நின்றவளிடம் பிரவீனன் மூன்று பக்கத்தை நீட்டினான். "இதில எப்பன் சைன் வை கௌசி, ஏஜென்ட் காத்துக்கொண்டு நிக்கிறான்." அவள் தட்டை அண்ணன் மனைவி நிலாணியிடம் கொடுத்துவிட்டு, கேக் மேசையின் ஓரத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். படம் எடுப்பவன் கூப்பிட்டான், ஓடிப்போனாள்.

வாசிக்கவில்லை. நம் வீடுகளில் யார் வாசிக்கிறோம்? வங்கிக்காரன் தந்தால் எழுத்தெழுத்தாக வாசிப்போம். வீட்டுத் தரகர் தந்தால் இன்னொருவரிடமும் காட்டுவோம். கூடப்பிறந்தவன் நீட்டினால் பேனையைத் தேடுவோம். அண்ணன் தந்த கடதாசியை அவன் முன்னால் நின்று வாசிப்பது அவன் முகத்தில் துப்புவதற்குச் சமம் என்றுதான் கௌசியும் வளர்ந்தாள். அங்கே அந்தக் கிழவி கௌசியைக் கேட்காமல் விட்டதும் அதே மரியாதையால்தான். அந்த மரியாதைக்குத்தான் பதினெட்டுக் கன்று போனது.

"அண்ணை நீட்டினதை வாசிக்காமல் வைச்சிட்டன். இண்டைக்கு மேடையில எல்லாத்தையும் சொல்லுறன்," என்றாள் கௌசி.

"சொல்லி?" ஹோதனின் குரல் கடுமையானது. "உன்ர மனசு ஆறும். உன்ர அண்ணர் எங்களிட்ட வாங்கிறதை விட்டிடுவார். வேற ஆரும் அந்தளவு தூரம் வந்து எங்களிட்ட வாங்கப் போறேல்லை. இன்னும் முப்பது கண்டு உயிரோட நிக்குது. அதுகளின்ர பங்கைத் திருப்பி வாங்கித் தா. அதைச் செய், காணும்."

அவள் போன பிறகும் கௌசி அந்தச் சேலையைத்தான் உடுத்தாள்.

பன்னிரண்டரைக்குப் பிரவீனன் காரோடு வந்தான். மங்கையற்கரசி பட்டுச் சேலை கசங்காமல் முன் சீற்றில் ஏறினார். கௌசி பின்னால். மார்க்கம் றோட்டில் ஏறும்வரை தாயும் மகனும் யார் யார் வருகிறார்கள் என்று கதைத்தார்கள்.

"அண்ணை, தை மாசம் என்னட்டை என்னத்தில கையெழுத்து வாங்கினீங்கள்?"

பிரவீனன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். "கம்பனிப் பேப்பர்."

"பாலை இரட்டிப்பாக்கிற பேப்பர்."

"ஓம். அதுவும் கம்பனிப் பேப்பர்தானே."

"பதினெட்டுக் கண்டு செத்துப் போச்சு."

"கவலையான விசயம்," என்று சிக்னலைப் பார்த்தபடி சொன்னான். "அதுகள் திரும்பக் கண்டு போடும்தானே."

"பதிமூண்டு மாசம் சுமக்கும் அண்ணை. ஒண்டு பெத்து மற்றது பெற ரெண்டு வருசம். கண்டில்லாமல் பாலே வராது. உங்களுக்கு ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறன்."

"நீ வாசிக்கிறதை நான் மறிச்சனானே?"

 மறிக்கவில்லைதான்.

"உன்ர கையெழுத்து, கௌசி. அவையளுக்கு என்ர கையெழுத்துத் தெரியாது, உன்ரயைத்தான் தெரியும். அதுக்குத்தானே உன்னைப் பங்காளியா வைச்சிருக்கிறன்." இதைச் சொல்லும்போது அவன் குரலில் கோபம் ஒரு பொட்டும் இல்லை. பிள்ளைக்குக் கணக்குப் பாடம் விளங்கப்படுத்தும் குரல்.

மங்கையற்கரசி திரும்பாமலே, "நல்ல நாளும் பெருநாளுமா உந்தக் கண்டறியாத ஒட்டகக் கதையை ஏன் எடுக்கிறாய்?" என்றார். "அவன் இந்த நாளுக்கு எவ்வளவு ஓடித் திரிஞ்சவன்."

"அம்மா, அந்தக் கண்டுகளின்ர தோலை உரிச்சு..."

"வாயை மூடு பிள்ளை." இப்போது தாய் திரும்பினார். "நான் சொல்லக் கூடாது எண்டு இருந்தனான். உன்ர வயித்தில வந்ததை வைச்சிருக்க உனக்குத் தெரியேல்லை. அந்த அழுகையைத்தான் இப்ப ஒட்டகக் கண்டுக்கு அழுறாய். ஊர் பாத்துச் சிரிக்கும்."

கார் ஓடிக்கொண்டிருந்தது. பிரவீனன் றேடியோச் சத்தத்தை ஒரு புள்ளி கூட்டினான்.

ஐந்தாம் மாதத்தில் போன பிள்ளை அது. ஆறு வருடமாக அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றி ஒரு சொல் கதைத்ததில்லை. தாய் மறந்துவிட்டார் என்றுதான் கௌசி நினைத்திருந்தாள். மறக்கவில்லை, பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். கௌசிக்கு அழுகை வரவில்லை. தாய் சொன்னது உண்மையோ என்று ஒரு கணம் அவளுக்கே தோன்றியது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மண்டபத்தின் கார்த் தரிப்பிடத்தில், ஓரத்தில் ஒதுக்கிய பனி கறுத்துப்போய்க் கிடந்தது. தாய் இறங்கும்வரை பொறுத்திருந்து கௌசி சொன்னாள்.

"நான் மேடைக்கு வரமாட்டன்."

பிரவீனன் கதவில் வைத்த கையை எடுத்தான்.

"சண்முகலிங்கம் அண்ணை உன்ர கதையைக் கேக்கத்தான் வாறார். என்ர கதையைக் கேக்கேல்லை."

"அப்ப எழுதித் தாங்கோ. நாளாந்த அளவு பழையபடி. ரெண்டு காம்பு கண்டுக்கு. எந்தக் குடும்பத்தையும் பட்டியலில இருந்து எடுக்கக் கூடாது. எழுதிக் கையெழுத்து வைச்சால் வாறன்."

இப்போதுதான், வாசகிகளே, அவன் சிரித்தான். அழகான சிரிப்பு. "இவ்வளவும்தானே? முதலே கேட்டிருக்கலாமே, விசரி."

மண்டப ஒபிஸில் பிரிண்டர் இருந்தது. பத்து நிமிடத்தில் கடிதம் வந்தது. கௌசி நின்றபடியே வாசித்தாள். இருந்து வாசித்தாள். கடைசி வரியிலிருந்து மேல்நோக்கியும் ஒருமுறை வாசித்தாள். அவள் கேட்ட மூன்றும் அப்படியே, கீழே அண்ணனின் கையெழுத்தோடு இருந்தன. பட்டியலில் நாற்பது குடும்பங்களும் நிரந்தரமாக இருக்கும் என்றுகூட எழுதியிருந்தது.

கதவடியில் நின்ற மங்கையற்கரசி, "கூடப்பிறந்தவனைக் கள்ளனைப் போல வைச்சு வாசிக்கிறாய்," என்றார். "உன்ர அப்பா இதைப் பாக்காமல் போனது நல்லது."

கௌசி கடிதத்தைப் படம் எடுத்து ஹோதனுக்கு அனுப்பினாள். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது: "அம்மாவுக்கு அனுப்பிவிட்டேன். நானும் வருகிறேன்."

மேடையில் அவள், ஹோதனுக்கும் விளங்க ஆங்கிலத்தில், நன்றாகவே பேசினாள். அதை மறைக்க நான் யார்? பின் திரையில் அவள் எடுத்த படம் ஓடியது. சிவந்த மண், முள்மரம், ஒற்றைக் காலில் நின்று, மடித்த மற்றத் தொடையில் பால் சட்டியை வைத்துக் கறக்கும் பெண்கள். மாடு செத்த இடத்தில் ஒட்டகம் எப்படி நின்றது, பால் காசு எப்படி ஒரு ஊரையே ஊராக வைத்தது என்று சொன்னாள். "அந்தப் பெண்கள் நாலு காம்பையும் கறக்க மாட்டினம். ரெண்டு கண்டுக்கு. நீங்கள் வாங்கிற ஒவ்வொரு ரின்னும் அந்தக் கண்டின்ர பங்கைத் தொடாமல் வந்தது," என்றாள்.  இன்றிலிருந்து அது உண்மை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மண்டபம் கைதட்டியது. முன்வரிசையில் இரண்டு மூன்று பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். கடைசி வரிசையில் ஹோதன் தொலைபேசியை உயர்த்திப் பிடித்து, ஒவ்வொரு வசனத்தையும் தன் மொழியில் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அங்கே இரவு பத்து மணியாகியும் நாற்பது வீட்டுப் பெண்களும் ஒரு திரையைச் சுற்றி விழித்திருந்தார்கள். சண்முகலிங்கம் மேடைக்கே ஏறிவந்து கும்பிட்டார். பிறகு பிரவீனனோடு கைகுலுக்கினார். பதினொரு கடையும் சரி.

றோல்ஸும் கட்லட்டும் வந்தன. நிலாணி புது ரின் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"உங்கட படம் நல்லா வந்திருக்கு மச்சாள்."

முன்பக்கத்தில் கௌசியும் ஹோதனின் தாயும் தோளோடு தோள் நின்று சிரித்தார்கள். நடுவில் ஒரு கன்று. காலையிலிருந்து வாசித்தே பழகிவிட்ட கண் அல்லவா, கை தன்பாட்டில் ரின்னைத் திருப்பியது. பின்பக்கத்தில், சத்துப் பட்டியலுக்கும் கீழே, பொடி எழுத்தில் இருந்தது. தயாரித்த இடம் கென்யா இல்லை. வளைகுடா நாடொன்றில் உள்ள இயந்திரப் பண்ணை.

அவள் இரண்டு தரம் வாசித்தாள். அதற்குமேல் வாசிக்க அதில் ஒன்றும் இல்லை.

பிரவீனன் சாப்பாட்டு மேசையடியில் தாய்க்குக் கோப்பையில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"இது என்ன அண்ணை?"

"புது ரின்."

"பால் எங்கத்தையது?"

"எழுதியிருக்குத்தானே. நீ இப்ப நல்லா வாசிக்கிறாய்."

"அப்ப அந்தக் கடிதம்?"

"கடிதத்தில ஏதும் பொய் இருக்கே?" அவன் ஒரு பேப்பர் நாப்கினில் விரலைத் துடைத்தான். "அவையளின்ர பெயர் பட்டியலில இருக்கும். அவையள் கறக்கிறதெண்டால் ரெண்டு காம்புதான் கறக்க வேணும். நான் இனியும் அவையளிட்ட வாங்குவன் எண்டு எங்க எழுதியிருக்கு? நீ கேக்கவும் இல்லை."

கௌசி ரின்னை மேசையில் வைத்தாள். "ஏன்?" என்று மட்டும் கேட்டாள்.

"கண்டுகள் செத்து ஒட்டகங்களுக்குப் பால் வத்திப்போச்சு, கௌசி. நீதானே சொன்னனி. வத்தினதுகளிட்ட நான் என்னத்தை வாங்கிறது? பதினொரு கடைக்கு அவையளால தர ஏலுமே? போன மாசமே அங்கால சைன் வைச்சிட்டன். இனி லொறி விட வேண்டாமெண்டு ஏஜென்ட்டுக்கும் சொல்லியாச்சு."

"நீங்கள்தான் வத்த வைச்சனீங்கள்."

"கையெழுத்து உன்ர," என்றான் அண்ணன். "இப்ப சத்தம் போடப் போறியோ? போடு. சண்முகலிங்கம் அண்ணை உதில நிக்கிறார். நீ மேடையில சொன்னது முழுக்கப் பொய் எண்டு நீயே அவருக்குச் சொல்லு. பிறகு உன்னை ஆர் நம்புவினம்? அந்தச் சனமும் நம்பாது."

மங்கையற்கரசி கட்லட்டை மென்று விழுங்கிவிட்டு, "மேடையில வடிவா நிண்டாய் பிள்ளை," என்றார். "ரெண்டு பேர் வந்து கேட்டவை, இவவுக்கு இன்னொரு இடத்தில பாக்கிறீங்களோ எண்டு. இனி இப்பிடியே சந்தோசமா இரு."

அந்த நேரம் பார்த்து ஹோதன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். காலையில் பார்த்த முகமா அது? கண் கலங்கி, வாயெல்லாம் சிரிப்பு. கையிலிருந்த தொலைபேசியில் ஒரே ஆரவாரம்.

"அம்மா உன்னோட கதைக்க வேணுமாம்," என்றாள். "கடிதம் பாத்த உடனேயே எல்லாரும் எழும்பிப் போய்க் கண்டுகளை அவிட்டு விட்டிட்டினமாம். முப்பதும் இப்ப தாயோடதான் நிக்குதாம். நாலு காம்பிலயும் குடிக்கட்டும், நாளைக்கு ஒருநாள் அதுகளின்ர நாள் எண்டு அம்மா சொல்லுறா."

திரையில் ஒரு கிழவியின் முகம் கிட்டவாக வந்தது. பின்னால் பெண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். கிழவி நெஞ்சில் கையை வைத்து நீளமாக ஏதோ சொன்னார். கௌசியின் பெயர் மட்டும் இரண்டு தரம் விளங்கியது.

"என்ன சொல்லுறா?"

"உன்னைப் பற்றி ஒருநாளும் பிழையா நினைக்கேல்லையாம்." ஹோதன் மூக்கைத் துடைத்தாள். "பிறகு ஒண்டு கேக்கிறா. நாளைக்கு ஒருத்தரும் கறக்க மாட்டினம், நீ கோவிக்கக் கூடாதாம். திங்கட்கிழமை பால் எடுக்கிற லொறி வழமையான நேரத்துக்கு வரும்தானே எண்டு கேக்கிறா."

பிரவீனன் பக்கத்திலேயே நின்றான். நாலடி தள்ளிச் சண்முகலிங்கம் யாருக்கோ ரின்னைக் காட்டிக்கொண்டிருந்தார். கௌசி வாயைத் திறந்தாள். உண்மை நாக்கின் நுனிவரை வந்தது என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. வரவில்லை. அவளுக்குப் பயம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்லப் பயம்.

"வரும்," என்றாள் கௌசி.

ஹோதன் அதைத் தாய்க்குச் சொன்னாள். பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். ஒருத்தி ஓடிப்போய் வெளியே நின்றவர்களுக்கும் சத்தம் போட்டுச் சொன்னாள்.